ஆட் டாக்ஸி பார்க்கப் போகிறீர்களா? படத்தில் ஆரம்பிக்காதீர்கள்

ஒரு சனிக்கிழமை ராத்திரி நான் செய்த தப்பை இன்னொருவர் செய்யக் கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். 'ஆட் டாக்ஸி' என்ற ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன் வடிவ மர்மத் தொடர் நன்றாக இருக்கிறது என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். 13 எபிசோட். அதே கதையை இரண்டு மணி நேரத்தில் சொல்லும் படம் ஒன்றும் இருக்கிறது என்று தெரிந்ததும், 'சரி, படத்தையே பார்த்துவிடலாம், நேரம் மிச்சம்' என்று உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் யார் யாரோ வந்து, நான் பார்த்தேயிராத சம்பவங்களைப் பற்றிச் சாட்சி சொல்ல ஆரம்பித்தார்கள். ஒன்றும் புரியவில்லை. படம் முடிந்தபோது தொடரின் கடைசி ரகசியம் மட்டும் தெளிவாகப் புரிந்திருந்தது. அது ஒன்றுதான் தெரிந்திருக்கக் கூடாதது.

பிறகு தொடரைப் பார்த்தேன். பிடித்துத்தான் இருந்தது. ஆனால் விடை தெரிந்த விடுகதையைக் கேட்பது போல. ஆறு மாதம் கழித்து என் தம்பியை ஒழுங்கான வரிசையில் பார்க்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே உள்ளதெல்லாம் அந்த இரண்டாவது முறை கற்றுக்கொண்டது. கதையின் முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

1. எது தொடர், எது படம்

தொடர் 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானில் ஒளிபரப்பானது. 13 எபிசோட், ஒவ்வொன்றும் சுமார் 24 நிமிடம். இயக்கியவர் பாகு கினோஷிதா, எழுதியவர் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) கலைஞரான கசுயா கொனொமோட்டோ. தொடருக்காகவே எழுதிய கதை இது. முன்கூட்டிப் படித்துவைக்க மூல நாவலோ மங்காவோ கிடையாது. மங்கா என்று கடையில் கண்ணில் படுவது தொடரை ஒட்டி வரைந்தது.

படத்தின் பெயர் 'ஆட் டாக்ஸி: இன் தி வுட்ஸ்'. 2022 ஏப்ரல் 1 அன்று ஜப்பான் திரையரங்குகளில் வந்தது, 128 நிமிடம். தொடரின் காட்சிகளை வெட்டி ஒட்டி, நடுநடுவே கதாபாத்திரங்கள் தனித்தனியாக உட்கார்ந்து பேசும் சாட்சியங்களைச் சேர்த்திருக்கிறார்கள். தொடர் நிற்கும் நொடிக்குப் பிறகு என்ன ஆனது என்பதும் கடைசியில் கொஞ்சம் வரும். அதனால் இதைச் சுருக்கம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். வழக்கு முடிந்த பிறகு கட்டிவைத்த கோப்பு மாதிரி அது. வழக்கே தெரியாதவனுக்குக் கோப்பு எதற்கு?

கதை என்ன? தோக்கியோவில் ஒடோகவா என்ற 41 வயது டாக்ஸி ஓட்டுநர். ஆள் ஒரு வால்ரஸ், நீண்ட தந்தமுள்ள கடல் விலங்கு. ஊரில் எல்லாருமே ஏதோ ஒரு விலங்கு. தூக்கம் வராதவர், சிடுசிடுப்பு, வாயைத் திறந்தால் குத்தல். நெரிமா பகுதியில் ஒரு பள்ளி மாணவி காணாமல் போகிறாள். அவர் டாக்ஸியின் முன்பக்கம் பொருத்திய கேமராவில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்று போலீசும் ரவுடிகளும் அதைத் தேடுகிறார்கள். இதற்கு மேல் தெரிய வேண்டாம்.

அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள். கொலை, மிரட்டல், பண மோசடி எல்லாம் உண்டு. என் அண்ணன் மகள் 'வால்ரஸ் மாமா' என்று ஓடி வந்தாள், இரண்டாவது எபிசோடுக்குள் வேறு கார்ட்டூன் போட வேண்டியதாயிற்று.

2. பணம் கட்டும் முன் தேடிப் பாருங்கள்

இங்கேதான் இரண்டாவது அடி வாங்கினேன். ஒரு ஓடிடியில் தொடர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வருடச் சந்தா கட்டினேன். தொடர் இருந்தது, படம் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், 'உங்கள் நாட்டுக்கு உரிமம் இல்லை' என்று ஒரே வரி. பணம் திரும்பவில்லை.

அனிமேக்களின் ஒளிபரப்பு உரிமம் நாட்டுக்கு நாடு, மாதத்துக்கு மாதம் மாறும். அமெரிக்காவில் இருக்கும் நண்பர் 'இருக்கிறதே' என்பார். அவருக்கு இருக்கும். ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள்:

கணக்கு தொடங்காமலே அந்தச் செயலியின் தேடல் பெட்டியில் தொடரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் படத்தின் பெயரைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டும் கிடைத்தால் ஒரு மாதச் சந்தா மட்டும் எடுங்கள். மொத்தமே ஏழரை மணி நேரத்துக்குள் முடியும் விஷயம், வருடச் சந்தா தேவையில்லை. கட்டிய அன்றே தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிடுங்கள். யூபிஐ ஆட்டோபேயாக இருந்தால் உங்கள் பணப் பரிமாற்றச் செயலிக்குள்ளும் போய் ரத்து செய்யுங்கள். ஓடிடியில் நிறுத்திவிட்டதாக நினைத்து அடுத்த மாதமும் பணம் போனது எனக்குத் தெரியும்.

விலையைப் பற்றி ஒரு அளவுக்குச் சொல்கிறேன். அனிமேவுக்கென்றே இருக்கும் க்ரஞ்சிரோல், இந்தியாவில் தன் மாதக் கட்டணத்தை 2022-இல் 79 ரூபாய்க்கு இறக்கியது. ஒரு மாதத்துக்கு இரண்டு டீ, வடைச் செலவு. நீங்கள் சேரும் நாளில் என்ன விலை என்பதைச் செயலியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானிலிருந்து வட்டு வரவழைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜப்பானிய ப்ளூ-ரேக்கள் 'ஏ' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம். டிவிடி என்றால் அங்கே 2, இங்கே 5. மண்டலப் பூட்டுள்ள வட்டு இங்கே வாங்கிய கருவியில் ஓடாது. ஜப்பானில் விற்கும் வட்டுகளில் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டிலும் இருக்காது. அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

3. ஏழு மணி இருபது நிமிடம்

தொடர் 312 நிமிடம், படம் 128 நிமிடம், ஆக 440 நிமிடம். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், பெயர்கள் குழம்பிவிடும். ஒரு நாளைக்கு ஒன்று என்று இழுத்தாலும் வேலைக்காகாது, மூன்றாம் நாள் யார் யாரிடம் கடன் வாங்கினார் என்பது மறந்துபோகும். எனக்கும் தம்பிக்கும் சரிப்பட்டது இது: முதல் நாள் 1 முதல் 3, இரண்டாம் நாள் 4 மட்டும், மூன்றாம் நாள் 5 முதல் 8, நான்காம் நாள் 9 முதல் 13. அதற்குப் பிறகு குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விட்டுப் படம்.

கடைசி ஐந்தையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும், அதற்கு இரண்டு மணி நேரம். மறுநாள் சீக்கிரம் எழ வேண்டிய ராத்திரியில் ஒன்பதாவதைத் தொடாதீர்கள். 'அடுத்தது தானாக ஓடும்' அமைப்பை அணைத்துவையுங்கள். பதின்மூன்றாவது முடிந்ததும் செயலி தாவிப் போய் வேறொரு தொடரின் சண்டைக் காட்சியைப் போட்டால் அதைவிடக் கொடுமை இல்லை.

4. ஒரு நோட்டும் பேனாவும்

இதைச் சொன்னபோது தம்பி சிரித்தான். மூன்றாவது எபிசோடில் அவனே நோட்டைக் கேட்டு வாங்கினான்.

இந்தத் தொடரில் ஆட்கள் அதிகம், ஒவ்வொருவரும் இன்னொருவரின் கதையில் ஓரமாக வந்து போவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு வரி போதும்: பெயர், விலங்கு, வேலை, யாருக்கு என்ன தர வேண்டும். எங்கள் நோட்டின் முதல் பக்கம் இப்படி இருக்கிறது:

ஒடோகவா, வால்ரஸ், டாக்ஸி, தூக்கம் இல்லை.
கோரிகி, கொரில்லா, டாக்டர், நண்பர்.
ஷிரகவா, அல்பாக்கா, நர்ஸ், கபோயிரா (?).
ககிஹனா, குரங்கு, நண்பர், டேட்டிங் செயலி.
கபசவா, நீர்யானை, மாணவன், வைரல் பைத்தியம்.
டோபு, பபூன், ரவுடி.
டாய்மோன், மீர்கேட், போலீஸ், இரண்டு பேர்!!

கபோயிரா என்பது பிரேசில் நாட்டுச் சண்டைக் கலை. அந்த ஆச்சரியக்குறிகள் தம்பியுடையவை. டாய்மோன் என்ற பெயரில் அண்ணன் தம்பி இருவரும் போலீஸ், ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். எந்தக் காட்சியில் எவர் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளாவிட்டால் பாதிக் கதை போச்சு.

இன்னொரு குழப்பம் பெயர்களிலேயே இருக்கிறது. ஜப்பானில் ஒருவரைக் குடும்பப் பெயரால் ஒருவர் கூப்பிடுவார், சொந்தப் பெயரால் இன்னொருவர் கூப்பிடுவார். நிகைடோவும் ருய்யும் ஒரே பெண் என்பது எனக்கு வெகு நேரம் உறைக்கவில்லை. இரண்டு பெயரையும் எழுதிவையுங்கள். அதிலும் 'மிஸ்டரி கிஸ்' என்ற மூன்று பெண்கள் பாட்டுக் குழுவை மிகக் கவனமாக. நினைவில் வைக்க ஒரு வழி உண்டு: இச்சிமுரா, நிகைடோ, மிட்சுயா என்ற பெயர்களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஒன்று, இரண்டு, மூன்று ஒலிக்கும். நீர்யானைக்கு ஜப்பானியத்தில் 'கபா', அதனால் கபசவா. குதிரையாக வரும் நகைச்சுவைக் கலைஞர் பாபாவின் பெயரில் குதிரையைக் குறிக்கும் எழுத்தே இருக்கிறது. எழுதியவருக்குக் குசும்பு ஜாஸ்தி.

தொகைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஒரு பில்லியன் யென்' என்று ஒன்று வரும். நம் கணக்கில் 100 கோடி யென். ரூபாய்க்கு மாற்ற, பாதிக்குச் சற்று மேல் என்று மனக்கணக்குப் போட்டால் போதும்.

விலங்குகளை ஏன் எழுதிவைக்கச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். எழுதிவையுங்கள், அவ்வளவுதான்.

5. எந்த மொழியில் கேட்பது

ஆங்கில டப்பிங் இருக்கிறது. இருந்தாலும் முதல் முறை ஜப்பானிய ஒலியில் ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள் என்பேன். காரணம் இரண்டு.

ஒன்று யானோ, முள்ளம்பன்றி ரவுடி. அவன் பேசுவதே ராப். சாதாரண மிரட்டலைக்கூட எதுகை மோனையோடுதான் விடுவான். குரல் கொடுத்தவர் மீட்டியோர் என்ற நிஜ ராப் கலைஞர். சப்டைட்டில் எழுதியவர்கள் ஆங்கிலத்திலும் எதுகை கொண்டுவர உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாளம் காதில் விழ வேண்டும்.

இன்னொன்று 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்ற நகைச்சுவை ஜோடி, ஒரு காட்டுப்பன்றியும் ஒரு குதிரையும். ஒருவர் அசட்டுத்தனமாகப் பேச, மற்றவர் மண்டையில் தட்டுகிற மாதிரித் திருத்தும் மன்சாய் பாணி. நம் கவுண்டமணி, செந்தில் பார்த்தவர்களுக்கு அறிமுகமே வேண்டாம். டயான் என்ற நிஜ மன்சாய் ஜோடிதான் குரல். ஒடோகவா காரில் ரேடியோ ஓடிக்கொண்டேயிருக்கும். பின்னணிச் சத்தம் என்று விட்டுவிடாதீர்கள். அதில் காதில் விழுவது பிறகு வேறு இடத்தில் திரும்பி வரும்.

பேச்சு வேகம் அதிகம். நான் முதலில் ஓடும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், மன்சாயின் உயிரே போய்விட்டது. வேகத்தைத் தொடாமல், தவறவிட்டால் பத்து நொடி பின்னே போங்கள்.

6. நான்காவது எபிசோடில் பொறுமை

முதல் மூன்றில் கதை ஓடுகிற மாதிரியே இருக்காது. காரில் ஏறுவார்கள், பேசுவார்கள், இறங்குவார்கள். 'மர்மத் தொடர் என்றார்களே' என்று தோன்றும். அந்த வெட்டிப் பேச்சில்தான் எல்லாம் இருக்கிறது. கபசவா ஒடோகவாவோடு எடுக்கும் செல்ஃபியை நிறுத்திப் பாருங்கள், அந்த ஒரு புகைப்படம் போதும்.

நான்காவது முழுக்க தனகா என்ற ஒரே ஆளின் கதை. அதுவரை பார்த்தவர்கள் யாரும் அதிகம் தலைகாட்ட மாட்டார்கள். சிறு வயதில் ஒரு அழிரப்பர் மேல் பைத்தியம், வளர்ந்தபின் செல்போன் விளையாட்டில் ஒரு அரிய டோடோ பறவை மேல் பைத்தியம். தன் கதையைத் தானே, சமாதானமான குரலில் சொல்லிக்கொண்டே போவான். தம்பி ஐந்தாவது நிமிடத்தில் செல்லை எடுத்தான். பத்தாவது நிமிடத்தில் அதைக் கவிழ்த்து வைத்தான். எபிசோட் முடிந்தபோது, 'இவன் பக்கத்திலேயே நான் போக மாட்டேன்' என்றான். அன்றைக்கு அதோடு நிறுத்தியது நல்லதாயிற்று. பலர் கைவிடும் இடமும் இதுதான், எனக்கு மொத்தத் தொடரிலும் பிடித்த 24 நிமிடமும் இதுதான்.

7. செல்லை எங்கே வைப்பது

வேறு அறையில். ஒடோகவாவின் பெயரைத் தேடல் பெட்டியில் அடிக்கவே அடிக்காதீர்கள். நீங்கள் முடிக்கும் முன்பே அது முடித்துக் காட்டும் சொற்களில் கதை போய்விடும். யூடியூபில் தேடினால் சிறுபடங்களிலேயே கடைசி எபிசோடின் காட்சி இருக்கும். படத்தின் முன்னோட்டத்தையும் தொடர் முடியும்வரை தவிர்த்துவிடுங்கள். 'கதாபாத்திரங்கள்' பட்டியல் எந்தத் தளத்தில் இருந்தாலும் விஷம். அதற்குத்தான் சொந்த நோட்டு.

திருட்டுத் தளங்களைப் பற்றி ஒரே வார்த்தை: அங்கே தொடரும் படமும் ஏறக்குறைய ஒரே பெயரில் கலந்து கிடக்கும். எபிசோட் என்று நினைத்துப் படத்தைத் திறந்துவிட்டால் என் கதைதான்.

8. ஒலி நாடகம்: இலவசம், தவறவிடாதீர்கள்

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. தொடர் ஓடிக்கொண்டிருந்த வாரங்களிலேயே ஒவ்வொரு எபிசோடுக்கும் துணையாக ஒரு சிறு ஒலி நாடகத்தை யூடியூபில் அதிகாரப்பூர்வமாக வெளியிட்டார்கள். ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்திய ஒரு பால்பாயின்ட் பேனா கை மாறிக் கை மாறிப் போகிறது, அது இருக்கும் அறையில் நடப்பதெல்லாம் நமக்குக் கேட்கிறது. ஓரமாக வந்து போனவர்கள் பலர் இங்கே முழு ஆட்களாகிறார்கள். ஜப்பானிய மொழியில் இருக்கும், சப்டைட்டில் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

எபிசோட் பார்த்ததும் அதே எண்ணுள்ள நாடகத்தைக் கேட்பதுதான் சரியான வரிசை. ஆனால் ஏழாவது பகுதியில் சொன்ன சிறுபட ஆபத்து இங்கேயும் உண்டு. அதனால் முதல் நாளே பதின்மூன்று இணைப்புகளையும் எடுத்து ஒரு பட்டியலில் போட்டுத் தருமாறு ஏற்கெனவே தொடரைப் பார்த்த யாரையாவது கேளுங்கள். தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்தேன்.

9. இப்போது படம்

ஒரு வாரம் ஆகிவிட்டதா? சரி, நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படத்தின் தலைப்பு ஜப்பானிய எழுத்தாளர் ரியுனோசுகே அகுதகவா 1922-இல் எழுதிய ஒரு சிறுகதையின் தலைப்பை நினைவூட்டுவது. ஒரு கொலையைப் பற்றி ஏழு பேர் ஏழு விதமாகச் சொல்லும் கதை அது. இயக்குநர் குரோசவாவின் 'ராஷோமோன்' படம் அதிலிருந்து வந்தது, எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' ராஷோமோனின் தூண்டுதலில் வந்தது. 'அந்த நாள்' பார்த்தவர்களுக்கு இங்கே என்ன எதிர்பார்ப்பது என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே காட்சிகள் ஏற்கெனவே பார்த்தவைதானே என்று சலித்துக்கொள்ளாமல், சாட்சியங்களை மட்டும் கூர்ந்து கேளுங்கள். மூன்று கேள்விகள்: இவர் இதை எப்போது சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார். தொடரில் அவர் செய்ததை நாம் பார்த்திருக்கிறோம். இப்போது அதையே தன் வாயால் எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் சுவை. தம்பி ஓர் இடத்தில், 'டேய், இவன் இதைச் சொல்லவே இல்லையே' என்று திரையைப் பார்த்துக் கத்தினான். தொடரைப் பார்க்காமல் வந்தவனுக்கு அந்தக் கத்தல் வாய்க்காது. எனக்கு வாய்க்கவில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தனிப் படமாகப் பார்த்தால் இது அவசரமான வேலை. 312 நிமிடத்தை 128-க்குள் திணித்து, அதிலும் சாட்சியங்களுக்கு இடம் கொடுத்தால், தனகாவின் கதைக்கு அந்த நிதானம் எங்கிருந்து வரும்? நகைச்சுவை ஜோடியின் துக்கமும் அப்படியே. கடைசிச் சில நிமிடங்களுக்காக மட்டுமே படத்தைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அங்கே நேராகத் தாவிவிடாதீர்கள். முன்னால் கேட்ட சாட்சியங்கள் இல்லாமல் அந்த நிமிடங்கள் வெறும் பின்குறிப்பாகத்தான் நிற்கும்.

10. முடித்த பிறகு

படம் முடிந்த மறுநாள் முதல் எபிசோடை மட்டும் திரும்பப் பாருங்கள். இதற்குப் புதிதாகச் செலவில்லை, சந்தாவில் இன்னும் நாள் இருக்கும். இந்த முறை ஒடோகவாவையே பார்க்க வேண்டாம், அவரிடம் பேசுகிறவர்களின் முகத்தைப் பாருங்கள்.

இன்னும் ஆசை இருந்தால் அதே உலகத்தில் நடப்பதாக 2024-இல் நிஜ நடிகர்கள் நடித்த 'ரூட்' என்ற தொடரும் ஜப்பானில் வந்தது. முந்தையதை மறக்காமல் இருக்கும்போதே தேடிப் பாருங்கள், ஆனால் இரண்டாவது பகுதியில் சொன்னபடி முதலில் தேடல், பிறகு பணம்.

அப்புறம் அந்த நோட்டு. முதல் எபிசோடைத் திரும்பப் பார்த்த ராத்திரி தம்பி அதைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஷிரகவாவின் வரியில் இருந்த கேள்விக்குறியைப் பச்சை மையால் அடித்தான். ஒடோகவாவின் வரிக்கு வந்து கொஞ்ச நேரம் பேனாவைத் தூக்கியபடியே இருந்தான். பிறகு, 'வால்ரஸ்' என்று எழுதியிருந்ததன் மேல் ஒரு வட்டம் போட்டுவிட்டு மூடிவைத்தான்.